கோடிக்கு ஒன்று குறைவு

சென்ற வாரம் ஒற்றசேகரமங்கலத்து வீட்டின் பரணை ஒழிக்கையில் மஞ்சள் நிற வீடியோ கேம் கேசட் ஒன்று கைக்கு வந்தது. மேலே ஒட்டியிருந்த படத்தில் துப்பாக்கி ஏந்திய வீரனின் பாதி முகமே எஞ்சியிருக்கிறது. எண் மட்டும் அழியவில்லை: 9999999 இன் 1. நம் கணக்கில் எழுதினால் 99,99,999. கோடிக்கு ஒன்று குறைவு.

(அதற்குள் நாடா எதுவும் கிடையாது, ஒரு சிறு மின்பலகை மட்டுமே. ஆயினும் பாட்டுக் கேசட்டின் பெயரையே எல்லாரும் அதற்கும் வழங்கினார்கள். வடிவ ஒப்புமையால் பொருள் விரிந்த சொற்களுக்கு வகுப்பில் நான் காட்டும் முதல் எடுத்துக்காட்டு இதுவே.)

உறை ஒன்று காட்ட, உள்ளே வேறொன்று இருப்பது இத்தொழிலின் தொடக்கந்தொட்டே உள்ளது. 1977இல் அமெரிக்காவில் வெளிவந்த அட்டாரி வீசிஎஸ் கருவியின் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட். அதைக் கொண்டு திரையில் சில சதுரங்களையும் கோடுகளையுமே நகர்த்த முடிந்தது. ஆகவே அந்நிறுவனம் கிளிஃப் ஸ்போன் போன்ற ஓவியர்களிடம் சென்றது. ‘காம்பேட்’ பெட்டியின் மீது பீரங்கி வண்டிகளும் போர் விமானங்களும் புகை கிளப்பின. திரையில் நகர்ந்தவை சிறு கட்டங்களால் ஆன உருக்கள். 1980இல் வந்த ‘அட்வெஞ்சர்’ ஆட்டத்தில் நாயகன் ஒரு சதுரம். அவனைத் துரத்தும் டிராகனோ பார்ப்பதற்கு வாத்து. இவற்றை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சதுரத்தை எப்படிக் கற்பனை செய்துகொள்ள வேண்டும் என்று ஆடுபவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த ஓவியம்தான்.

ஆனால் அதே பெட்டிகளில் இன்னொன்றும் அச்சாகியிருந்தது. ‘காம்பேட்’ உறையில் 27 வீடியோ கேம்கள் என்றும், ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ உறையில் 112 என்றும் போட்டிருந்தார்கள். உண்மையில் ஒவ்வொன்றிலும் இருந்தது ஓர் ஆட்டமும் அதன் சிறு சிறு மாற்றங்களுமே: குண்டு வளைந்து போகும், அல்லது எதிரி கண்ணுக்குத் தெரியமாட்டான். மாற்றம் ஒவ்வொன்றும் தனி ஆட்டமாக எண்ணப்பட்டது. கேலிக்கு ஆளானவை ஓவியங்கள்தாம். ஜப்பானில் ‘ராக்மேன்’ என்று 1987இல் வந்த ஆட்டம் ‘மெகா மேன்’ ஆகி அமெரிக்கா சென்றபோது, கையே பீரங்கியாக உள்ள நீலச் சிறுவனுக்குப் பதிலாக, கைத்துப்பாக்கி பிடித்த நடுவயது மனிதர் உறையில் நின்றதைப் பற்றி இன்றும் சிரிக்கிறார்கள். எண்ணைப் பார்த்துச் சிரித்தவர் குறைவு. நம் ஊருக்கு வந்துசேர்ந்ததோ அந்த எண்தான்.

நின்டெண்டோவின் ஃபேமிகாம் 1983இல் ஜப்பானில் வெளியானது. இந்தியாவில் பெரும்பாலோர் அறிந்தது அதன் நகல்களையே. மீடியா முதலிய பெயர்களில் அவை விற்பனையாயின. அவற்றுக்கான கேசட்டுகளின் மீது எங்கெங்கிருந்தோ வெட்டியெடுத்த படங்கள் இருந்தன. ‘காண்ட்ரா’ வீரன் அவற்றில் அடிக்கடி வருவான். அவனும் அசல் அல்லன். ‘பிரெடேட்டர்’ திரைப்படத்தில் ஆர்னால்டு நின்ற நிற்பைப் பார்த்து பிரித்தானிய ஓவியர் பாப் வேக்லின் வரைந்தது அது. நகலின் நகல் நெய்யாற்றின்கரைக் கடையில் தொங்கியது.

இங்கேதான் எண் தன் வேலையைச் செய்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எங்கள் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், கடையில் விற்கும் பொருளின் மேல் ஆங்கிலம். என் தந்தை மலையாளம் சரளமாக வாசிப்பார், தமிழை எழுத்துக் கூட்டுவார், ஆங்கிலம் அறியார். மூன்று எழுத்துமுறைகள் குறுக்கிடும் இடத்தில் எல்லாருக்கும் பொதுவாக எஞ்சுவது இலக்கம் ஒன்றே. அந்த உறையில் அவரால் வாசிக்க முடிந்த ஒரே செய்தி 9999999. அது பொய்யாகவும் இருந்தது.

‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ 40 கிலோபைட் அளவுடையது. அதைப் போன்றவை கோடி வேண்டுமெனில் 400 ஜிகாபைட் தேவை. ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் ஆடினாலும் ஊணுறக்கமின்றி 19 ஆண்டுகள் ஆகும். எங்கள் கேசட்டில் உண்மையில் இருந்தவை ஆறு. பட்டியலின் ஒவ்வோர் எண்ணும் அந்த ஆறனுள் ஒன்றையே திறக்கும். எந்தக் கட்டத்தில் தொடங்குவது, எத்தனை உயிர்கள் என்பது மட்டும் மாறும். அட்டாரி 27 என்று எண்ணிய முறைதான். வெட்கம் மட்டும் விலகியிருந்தது.

இவ்வுறைகளை ஆவணமாகச் சேர்த்தவர் எவரையும் நான் அறியேன். உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால் படமெடுத்து அனுப்புங்கள். ஒட்டுத்தாள் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.

அந்தக் கேசட்டுக்காக அப்பா கொடுத்தது ஒரு வாரப் பால்வெட்டுக் கூலி. வாங்கிய மறுநாளே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. ரப்பர் தோட்டத்திலிருந்து திரும்பி, முற்றத்தில் கால் கழுவியபடி தினமும் கேட்பார்: “மக்களே, இன்னைக்கு எத்தனை ஆச்சு?”

நானும் ஓர் எண் சொல்வேன். முந்நூற்றுப் பன்னிரண்டு என்பேன்; மறுநாள் முந்நூற்று இருபது.

“இன்னும் எவ்வளவு கிடக்கு” என்று மகிழ்ந்துகொண்டே சாயாவை எடுப்பார்.