பட்டையும் இலையும் வேரும்

கொழும்பு மாநகரில் கறுவாத்தோட்டம் என்றொரு பகுதி உண்டு. கறுவா மரத்தைத் தேடி அங்கே செல்பவர் ஏமாற்றமே அடைவர். மாளிகைகளும் அகன்ற வீதிகளுமே கண்ணிற்படும். பெயர் மட்டும் ஒரு பழைய கதையைச் சொல்லி நிற்கிறது. அது ஒரு வாசனையின் கதை.

1505 இல் போர்த்துக்கேயர் வந்தனர். 1658 இல் ஒல்லாந்தர் அவர்களை முற்றாக அகற்றினர். இருவர் கண்ணும் கறுவாவின் மீதே. அக்காலத்திற் கறுவா பயிரன்று. காட்டிலே தானாக வளர்ந்த மரம். காடு புகுந்து பட்டை உரித்துக் கொடுப்பது சலாகம குலத்தவர் மீது சுமத்தப்பட்ட ஊழியம். ஆளுக்கு இவ்வளவு நிறை என்று கணக்கும் உண்டு. அனுமதியின்றி மரத்தை வெட்டியவர்க்கு மரணதண்டனை வரை விதித்தது ஒல்லாந்தர் சட்டம். ஐரோப்பிய அடுக்களையில் ஒரு சிட்டிகைத் தூள் மணப்பதற்கு, இங்கே மனிதர் கொடுத்த விலை அது!

கண்டி மன்னரோடு பிணக்கு நேர்ந்தபோதெல்லாம் அவரது காடுகளிலிருந்து பட்டை வருவது தடைப்பட்டது. ஆகவே தேசாதிபதி பல்க் காலத்தில், 1769 இல், மருதானையிற் கறுவாவைப் பயிரிட்டனர். 1796 இல் கரையோரம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1833 இல் அரசின் வாணிபத் தனியுரிமையும் ஒழிந்தது.

விந்தை யாதெனில், இத்தனை காலமும் எதற்காகப் போரிட்டனரோ அப்பொருளின் உள்ளியல்பை எவரும் அறிந்திலர். தனியுரிமை ஒழிந்த மறு ஆண்டு, 1834 இல், தூமா, பெலிகோ என்ற பிரெஞ்சு அறிஞர் இருவர் கறுவாத் தைலத்திலிருந்து அதன் மணப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அதுவே சின்னமல்டிகைட்டு.

பட்டைத் தைலத்தின் மணம் அதனால் வருவது. இலையைக் காய்ச்சி வடித்தாலோ வேறு மணம். அதிற் பெரும்பகுதி யூஜெனோல். கராம்பிலுள்ளதும் அதுவே. வேர்ப்பட்டையிற் கிடைப்பது கற்பூரம். ஒரே மரத்தில் மூன்று தைலங்கள்!

மரம் இவற்றை நமக்காகச் செய்யவில்லை. தன் காவலுக்கே செய்கிறது. சின்னமல்டிகைட்டும் யூஜெனோலும் நுண்ணுயிர்களின் கலமென்சவ்வைத் தாக்கி அவற்றை நலிவிப்பன. யூஜெனோல் நரம்பின் உணர்ச்சியையும் மந்தமாக்கும். பல் வலிக்குக் கராம்பைக் கடிக்கச் சொன்ன நம் பாட்டிமார் பெயரறியாது பயனறிந்தவர்கள். பல்வைத்தியர் இன்றும் நாகவொட்சைட்டோடு யூஜெனோலைக் குழைத்துத் தற்காலிகமாகப் பற்குழியை அடைப்பதுண்டு. ஆனால் கலப்பற்ற தைலம் தோலைப் புண்ணாக்கும். அதைக் குழந்தைகள் கைக்கு எட்டவிடலாகாது.

கறுவா என்ற பெயரில் உலகெங்கும் விற்கப்படுவதிற் பெரும்பகுதி காசியா என்னும் இனமரத்தின் பட்டை. அதிற் கூமரின் என்ற பொருள் மிகுதி. அளவு மீறி நெடுநாள் உண்டால் சிலருக்கு ஈரல் கெடும். உடல் நிறையின் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராமே ஏற்கத்தக்கதென ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2004 இல் வரையறுத்தது. நம் கறுவாவிலோ அது மிக அற்பம். 2022 இல் 'சிலோன் கறுவா' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவியியற் குறியீட்டுப் பாதுகாப்பும் வழங்கியது.

கடையில் இரண்டையும் பிரித்தறிதல் எளிது. காசியா தடித்த ஒற்றைப் பட்டையாய்ச் சுருண்டிருக்கும். நமது கறுவா, மெல்லிய பட்டைகள் பல ஒன்றனுள் ஒன்றாய் அடுக்கிய சுருட்டுப்போலிருக்கும், விரலால் நெரித்தால் நொறுங்கும்.