தாய்வழிப் பாதை

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1626இல் தொடங்குவர். போர்த்துக்கேயர் வெளியேற்றிய முஸ்லிம்களில் நாலாயிரம் பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்பில் குடியேற்றினான் என்று நாமும் மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்கிறோம். வந்தவர்கள் எந்த வீட்டில் வாழ்ந்தார்கள், யாரோடு சேர்ந்து வயல் விதைத்தார்கள் என்ற கேள்விக்கு அச்செய்தியில் விடையில்லை. அந்த விடையைக் குடிமுறையிலும் ஊர்ப்பெயர்களிலும்தான் தேட வேண்டியிருக்கிறது.

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. ஆண் கலியாணம் முடித்து அங்கே போகிறவன். நானும் அப்படித்தான் ஓட்டமாவடிக்கு வந்தேன். எங்களிடம் வந்து நின்ற உம்மாவைக் காத்தான்குடியில் கொண்டுவிடும் சாக்கில், சென்ற விடுமுறையில் மச்சானின் வானில் குடும்பமாகப் புறப்பட்டோம். அவசரமில்லாத பயணம். பிள்ளைகளுக்கு ஊர்களைக் காட்ட வேண்டுமென்பது என் எண்ணம்.

சந்திவெளி, வந்தாறுமூலை, ஏறாவூர், சத்துருக்கொண்டான் என்று தெற்கே போகும் அந்த வீதியே ஒரு கதை. திமிலரோடு பொருத முக்குவருக்குப் பட்டாணியர் துணைநின்றனர் என்பது மட்டக்களப்பு மரபுக்கதை. பகைவரை வெட்டிய இடம் சத்துருக்கொண்டான். அவர்கள் மீண்டும் ஏறாதபடி காவல் வைத்த இடம் ஏறாவூர். வென்றவர்கள் திரும்பி வந்து ஆறிய இடம் வந்தாறுமூலை. துணைநின்றோருக்குப் பெண்ணும் நிலமும் கிடைத்தன என்று கதை முடிகிறது. இதைச் சரித்திரச் சான்றாக நான் கொள்வதில்லை. ஆனால் இரு சமூகத்துக்கும் பொதுவான ஒன்றை அது விளக்க முயல்கிறது. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. கோயிலில் வண்ணக்கர், பள்ளிவாசலில் மரைக்காயர் என்று பொறுப்புகளும் குடிப்படியே பகிரப்பட்டு வந்தன. 'வயிற்றுவார்' என்ற சொல்லைத் தமிழரும் நாமும் ஒரே பொருளில்தான் வழங்குகிறோம்.

அதே வீதிக்கு 1990இன் கதையும் உண்டு. ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் கொன்றனர். 11ஆம் திகதி இரவு ஏறாவூர். செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டான் இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்க் கிராமத்தவர் கொல்லப்பட்டனர். ஐந்து வாரங்களில் பழைய கதையின் ஊர்ப்பெயர்கள் புதுப் பொருள் பெற்றன. பிள்ளைகளுக்கு இரண்டையும் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்வது பாதிப் பாடம்.

காத்தான்குடியில் பகலுணவை முடித்துக்கொண்டு, உம்மாவின் விருப்பப்படி மண்முனைக்குப் போனோம். மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை, மேற்குக் கரை படுவான்கரை. வாழ்வது இங்கே, விளைவது அங்கே. வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பேச்சில் 'பாதை' என்றே பெயர். தண்ணீரில் வேறு வழி இருக்கவில்லை. 2014 ஏப்ரலில் ஜப்பானிய உதவியுடன் அங்கே பாலம் திறக்கப்பட்டது. 210 மீற்றர். பாதைக்குக் காத்துநின்ற துறையை வான் சில விநாடிகளில் கடந்தது.

மூத்தவாப்பா வேளாண்மை செய்த வட்டை கொக்கட்டிச்சோலைப் பக்கம். 1990க்குப் பின் எங்களில் எவரும் அங்கு போனதில்லை. உறுதி மட்டும் உம்மாவின் பெட்டகத்தில் இருக்கிறது. வரம்பில் நின்ற ஒருவர் உம்மாவை உற்றுப் பார்த்து, "போடியார்ர மகளா?" என்று கேட்டார். அவர் அந்நாளைய முல்லைக்காரரின் மகன். "ஓம் தம்பி, உங்கட அம்மா இருக்காவா?" என்றார் உம்மா. அம்மா காலமாகிவிட்டார். இருவரும் வெகுநேரம் அந்த அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தனர். வயலைப் பற்றி அவரும் சொல்லவில்லை, உம்மாவும் கேட்கவில்லை. திரும்பும்போது, "நல்லா விளைஞ்சிருக்கு" என்று மட்டும் உம்மா சொன்னார்.

"இப்ப அது யார்ர வயல் வாப்பா?" என்று மகன் கேட்டான். உறுதி சொல்லும் பதில் ஒன்று. முப்பது வருடம் வியர்வை சிந்தியவன் சொல்லும் பதில் வேறு. இரு கரையிலும் இத்தகைய வயல்கள் உண்டு, இரு சமூகத்துக்கும். இவற்றைப் பேசித் தீர்க்க வேண்டும். அந்தப் பேச்சை எங்கே தொடங்குவதென்று உம்மாவுக்குத் தெரிந்திருந்தது. தாயை விசாரித்துவிட்டுத்தான் மண்ணை விசாரிக்க வேண்டும். குடிமுறை எங்களுக்கு விட்டுச்சென்ற ஒழுங்கும் அதுவே.