நூலகப் பயத்துக்கு ஒரு வரலாறு

முதலாம் வருஷம், கம்பஸுக்குப் போய் இரண்டாவது கிழமை. விரிவுரையாளர் ஒரு புத்தகத்தின் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, "லைப்ரரியில இருக்கு, எடுத்து வாசியுங்கோ" என்றார். போனேன். வாசலில் பையை வைக்கச் சொன்னார்கள். அட்டையைக் காட்டச் சொன்னார்கள். உள்ளே வரிசை வரிசையாக இறாக்கைகள், புத்தக முதுகுகளில் புள்ளி வைத்த இலக்கங்கள். அந்த இலக்கங்களை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியாது. கவுண்டரில் இருந்தவரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரண்டு சுற்று நடந்து, தேடியது கிடைத்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்க ஒன்றரை மாதம் ஆனது. எனக்கு மட்டும்தான் இப்படி எண்டு கனநாள் நினைச்சுக்கொண்டிருந்தன்.

அப்படி இல்லையாம். 1986இல் கொன்ஸ்டன்ஸ் மெலன் என்ற அமெரிக்க நூலகவியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்காவின் தெற்குப் பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டு வருடங்களாக, ஆறாயிரம் மாணவர்களின் அனுபவங்களை வைத்துச் செய்த ஆய்வு அது. நூலகத்துக்கு முதன்முதல் போனதைப் பற்றி எழுதியவர்களில் 75 முதல் 85 வீதமானோர் பயத்தைத்தான் எழுதியிருந்தார்கள். இடம் பெரிசு, எது எங்கே இருக்கிறது என்று தெரியாது, எங்கே தொடங்குவது என்றும் தெரியாது. மெலன் கண்டுபிடித்ததில் எனக்குச் சுருக்கென்று பட்டது இன்னொன்று. மற்ற எல்லாருக்கும் இது தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். அந்த வெட்கத்தால்தான் ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. இதற்கு அவர் நூலகப் பதற்றம் என்று பெயர் வைத்தார்.

ஆனால் இது வெறும் மனசு சம்பந்தப்பட்ட விஷயமா? பல்கலைக்கழக நூலகங்களின் பழைய கதைகளைப் பார்த்தால், உள்ளே வருபவரைக் கொஞ்சம் நடுங்க வைப்பது அந்த இடங்களின் சட்டத்திலேயே இருந்திருக்கிறது. ஒக்ஸ்போர்டின் பொட்லியன் நூலகம் 1602இல் திறக்கப்பட்டது. நெருப்பையோ சுவாலையையோ உள்ளே கொண்டுவரமாட்டேன் என்று வாசகர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும். புத்தகத்தை வெளியே கொண்டுபோகவும் முடியாது. 1645இல் முதலாம் சார்ள்ஸ் மன்னர் இரவல் கேட்டபோதுகூட இல்லை என்றுவிட்டார்கள். தீக்குப் பயந்து 1845 வரை சூடேற்றும் வசதி இல்லை, 1929 வரை செயற்கை வெளிச்சமும் இல்லை. இங்கிலாந்தின் மார்கழிக் குளிரில் விறைத்த விரலோடு பக்கம் புரட்டியவர்களை நினைத்துப் பாருங்கள். அங்கே புத்தகத்துக்கு இருந்த மரியாதை வாசகனின் உடம்புக்கு இருக்கவில்லை.

உள்ளே போனவர்களின் பாடு அது. வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். வேர்ஜினியா வூல்ஃப் 1928இல் கேம்பிரிஜ் பெண்கள் கல்லூரிகளில் பேசியதை விரித்து அடுத்த வருஷம் ஒரு நூலாக்கினார். அதில் கதை சொல்லும் பெண் பேர்போன கல்லூரி நூலகம் ஒன்றுக்குப் போகிறாள். கல்லூரி அறிஞர் ஒருவர் கூட வர வேண்டும், அல்லது அறிமுகக் கடிதம் வேண்டும் என்று அவளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கேம்பிரிஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் கொடுத்ததே 1948இல்தான்.

அடுத்த வருஷம், 1949இல், ஹாவாட் பல்கலைக்கழகம் லாமொன்ட் நூலகத்தைத் திறந்தது. இளநிலை மாணவர்களுக்கென்றே கட்டியது. மாணவர் தாங்களே போய்ப் புத்தகத்தைத் தொட்டு எடுக்கலாம். அதிலுள்ள கவிதை அறையை வடிவமைத்தவர் ஃபின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோ. அதாவது, பொட்லியன் மறந்த உடம்பை இங்கே நினைத்தார்கள். ஆனால் யாருடைய உடம்பை? 1967 வரை லாமொன்டுக்குள் மாணவிகளுக்கு இடமில்லை. பக்கத்து ராட்கிளிஃப் கல்லூரிப் பெண்களும் ஹாவாட் பேராசிரியர்களிடம்தான் படித்தார்கள். பாடம் ஒன்று, வாசிக்கும் மேசை மட்டும் வேறு. வாசலில் யாரும் மறிக்காத எனக்கே கால் கூசியது என்றால், பதினெட்டு வருஷம் அந்தக் கதவைக் கடந்து போனவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

இனி எங்கட பக்கம். நெருப்பு வேண்டாம் என்று ஒக்ஸ்போர்ட் வாசகரிடம் உறுதிமொழி வாங்கியது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்துக்கு நெருப்பைக் கொண்டுவந்தது வாசகர் இல்லை. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1974இல் தொடங்கிய யாழ்ப்பாணக் கம்பஸுக்கு அப்போது ஏழு வயது. அதற்குப் பிறகு அங்கே படித்த பிள்ளைக்கு, நூலகம் என்பது எரிக்கப்படக்கூடிய ஒன்று என்பதும் தெரிந்தே இருந்தது.

1990இல் மின்சாரமும் போனது. அந்த நேரம் படித்த என்ர மாமிக்கு, லைப்ரரி பயந்த இடமே இல்லையாம். "வீட்டில இருந்தா பொம்பர் சத்தம் வருதோ எண்டு காதுதான் படிக்கும். அங்க பத்துப் பேர் ஒரு மேசையில குனிஞ்சிருக்கேக்க, பயம் பத்தாப் பிரிஞ்ச மாதிரி" எண்டு சொல்லுவா. பொழுதுபடும் மட்டும் யன்னலோரம், பிறகு வீட்டில் ஜாம் போத்தல் விளக்கு. இறாக்கை இலக்கம் விளங்காமல் தானும் முழுசினதாம், ஆனா பக்கத்தில இருந்தவளைக் கேட்க வெட்கம் வரேல்லையாம். எல்லாரும் ஒரே பங்கருக்குள்ள இருந்து வந்தவையாம், பிறகென்ன வெட்கம்?

எனக்கு மாமியின் காலம் வேண்டாம். அந்த மேசையை மட்டும் நினைத்துப் பார்க்கிறேன்.

போன கிழமை ரெபரன்ஸ் பகுதியில் இருந்தேன். ஒரு முதலாம் வருஷப் பெடியன் என்ர மேசையை மூன்றாம் தரமும் கடந்து போனான். முகம் எனக்குத் தெரிந்த முகம்.

"தம்பி, என்ன தேடுறீங்கள்?"

"ஒண்டுமில்லை அக்கா, சும்மா பாக்கிறன்."

பக்கத்துக் கதிரையை இழுத்துவிட்டேன். கொஞ்சம் நின்றான். பிறகு பொக்கெட்டுக்குள் இருந்து நாலாய் மடித்த கடதாசித் துண்டு ஒன்றை எடுத்தான்.