இலங்கையின் நவீனக் கட்டடக்கலை: மின்னெட் டி சில்வாவும் ஜெஃப்ரி பாவாவும்

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டு அந்நாட்டின் கட்டடக்கலை வரலாற்றிலும் ஒரு தொடக்க ஆண்டு. கண்டியைச் சேர்ந்த மின்னெட் டி சில்வா அந்த ஆண்டில்தான் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர்களின் அரச கழகத்தில் இணை உறுப்பினரானார். ஆசியப் பெண்களில் அந்தத் தகுதியை முதலில் பெற்றவர் அவரே. அதே ஆண்டில் கொழும்பைச் சேர்ந்த ஜெஃப்ரி பாவா என்ற இளம் வழக்கறிஞர் பெந்தோட்டைக்கு அருகே கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அப்போது அவருக்குக் கட்டடக்கலை தெரியாது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இலங்கையின் வீடும் விடுதியும் பள்ளியும் நாடாளுமன்றமும் எப்படி இருக்கலாம் என்பதைப் பெருமளவு தீர்மானித்தவர்கள் இவ்விருவரும்.

ஐரோப்பாவில் 1920களில் உருவான நவீனக் கட்டடக்கலை தட்டைக் கூரை, வெள்ளைச் சுவர், அகன்ற கண்ணாடி, கான்கிரீட் தூண் ஆகியவற்றை உலகெங்கும் கொண்டுசென்றது. கொழும்பு போன்ற ஊரில் தட்டைக் கூரை வெயிலில் கொதிக்கும், மழையில் ஒழுகும்; வெள்ளைச் சுவரில் ஒரே பருவத்தில் பாசி படரும். இரண்டு பருவமழையையும் இடைவிடாத புழுக்கத்தையும் தாங்கும் நவீனம் எது என்பதுதான் இந்த இருவரும் எதிர்கொண்ட கேள்வி. விடையை முதலில் கட்டிக் காட்டியவர் மின்னெட். அதை உலகம் பாவாவின் பெயரால் தெரிந்துகொண்டது. இந்த வரலாற்றைப் பாவாவிலிருந்து தொடங்கும் வழக்கம் திருத்தப்பட வேண்டிய ஒன்று.

மின்னெட் டி சில்வா (1918–1998)

மின்னெட்டின் தந்தை ஜார்ஜ் இ. டி சில்வா கண்டியின் செல்வாக்குள்ள அரசியல்வாதி. ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் சமூகத்தில் பிறந்த தாய் ஆக்னஸ் நெல், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். இலங்கையில் கட்டடக்கலை படிக்க அப்போது இடம் இல்லாததால் மின்னெட் பம்பாய்க்குச் சென்றார். ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்தவர், ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தின்போது 1942இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். பிறகு ஜெர்மனியிலிருந்து இந்தியாவுக்கு வந்து குடியேறியிருந்த கட்டடக்கலைஞர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கரிடம் பணிபுரிந்தார். எழுத்தாளர் முல்க்ராஜ் ஆனந்துடன் சேர்ந்து ‘மார்க்’ கலை இதழின் தொடக்கத்திலும் பங்கெடுத்தார். போருக்குப் பின் லண்டனில் ஆர்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளியில் படிப்பை முடித்தார். 1947இல் பிரிட்ஜ்வாட்டரில் நடந்த நவீனக் கட்டடக்கலைஞர்களின் பன்னாட்டு மாநாட்டில் அவர் கலந்துகொண்டார். நவீனக் கட்டடக்கலையின் முன்னோடி லு கொர்பூசியேவுடன் அவருக்கு நெடுநாள் நட்பும் கடிதத் தொடர்பும் இருந்தன.

1949இல் ஊர் திரும்பியவர் கண்டியில் பெற்றோர் வீட்டிலேயே அலுவலகம் தொடங்கினார். அங்கே கட்டிய முதல் வீடு, கண்டி மலைச்சரிவில் கருணாரத்ன குடும்பத்துக்காக எழுப்பியது (1949–51). சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல் மட்டம் மட்டமாக இறங்கும் தளங்களாக வீட்டை அமைத்தார். கான்கிரீட்டும் கண்ணாடியும் அதில் உண்டு. கூடவே தும்பறை நெசவாளர்கள் பின்னிய பாய்கள் உள்தடுப்புகளாயின. மாத்தளைப் பக்கத்து அரக்குவேலைக்காரர்கள் கடைந்து வண்ணமேற்றிய மரக்கால்கள் படிக்கட்டின் கைப்பிடிக்கு வந்தன. சூளையில் சுட்ட மண் ஓடுகளில் நடனமாடும் உருவங்கள் பதிக்கப்பட்டன. ஓவியர் ஜார்ஜ் கீட் சுவரோவியம் தீட்டினார். கண்டி அரசு வீழ்ந்த பின் அரசனின் ஆதரவும் கோயில் வேலையும் குறைந்து ஒடுங்கிக்கிடந்த கைவினைஞர்களுக்கு ஒரு புதிய வீட்டில் வேலை கொடுத்தது, அலங்காரத்துக்காக மட்டும் செய்த காரியம் அல்ல. அவர்களுடைய திறமை அழிந்தால் நாட்டின் கட்டடமும் ஊமையாகும் என்று அவர் நம்பினார். தம் அணுகுமுறைக்கு அவர் வைத்த பெயர் ‘நவீன வட்டாரவியம்’. மேலைநாட்டு விமர்சகர்கள் ஏறத்தாழ இதே கருத்தைக் கோட்பாடாக எழுத அதன்பின் முப்பது ஆண்டுகள் ஆயின.

கொழும்பில் அவர் கட்டிய சேனாநாயக்க அடுக்குமாடிக் குடியிருப்பு 1950களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. கண்டியில் வட்டப்புளுவ என்ற இடத்தில் அரசு ஊழியர்களுக்கான குடியிருப்பை வடிவமைத்தபோது அவர் செய்த ஒரு காரியம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. வெவ்வேறு இனங்களையும் வருவாய் நிலைகளையும் சேர்ந்த குடும்பங்களுக்கு முன்கூட்டியே கேள்விப் பட்டியல்களைக் கொடுத்தார்; எப்படிச் சமைக்கிறார்கள், எங்கே வழிபடுகிறார்கள், விருந்தினரை எங்கே உட்கார வைக்கிறார்கள் என்று கேட்டறிந்தார். அதிலிருந்து பல வகை வீடுகளை வரைந்தார். குடியிருக்கப் போகிறவரைக் கேட்டுவிட்டு வீடு கட்டுவது இன்றைக்கும் அரசுக் குடியிருப்புகளில் அரிது.

பெண் என்பதற்காக ஒப்பந்தக்காரர்களும் வாடிக்கையாளர்களும் அவரை ஐயத்தோடு பார்த்தார்கள். வேலைகள் குறைந்தன. 1970களின் பிற்பகுதியில் ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக்கலை வரலாறு கற்பித்தார். திரும்பி வந்து 1980களில் கண்டிக் கலை மையத்தைக் கட்டினார். 1996இல் இலங்கைக் கட்டடக்கலைஞர் கழகம் தங்கப்பதக்கம் வழங்கியது. இரண்டு ஆண்டுகளில், வறுமையில், கண்டியில் இறந்தார். தன் வரலாற்று நூலின் வேலை முடியும் தறுவாயில் இருந்தது.

ஜெஃப்ரி பாவா (1919–2003)

பாவாவின் தந்தை பெஞ்சமின் பாவா கொழும்பின் பெயர்பெற்ற வழக்கறிஞர். முஸ்லிம், ஆங்கில வழி வந்தவர். தாய் பெர்த்தா ஷ்ரேடர் பறங்கியர். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்த ஜெஃப்ரி 1944இல் லண்டனில் பாரிஸ்டர் ஆனார். கொழும்பில் வழக்காடிய காலம் குறைவு. தாய் 1946இல் இறந்ததும் தொழிலை விட்டு உலகம் சுற்றினார். இத்தாலியில் ஒரு மாளிகை வாங்கிக் குடியேறும் எண்ணம் கைகூடவில்லை. ஊர் திரும்பி, தெத்துவ ஏரிக்கரையில் லுனுகங்கை என்ற அந்த ரப்பர் தோட்டத்தை வாங்கினார்.

அண்ணன் பெவிஸ் பாவா, அளுத்கமைக்கு அருகே ‘பிரீஃப்’ என்ற புகழ்பெற்ற தோட்டத்தை ஏற்கெனவே உருவாக்கியிருந்தார். தம்பிக்கும் தோட்டக்கனவு வந்தது. மனத்தில் தோன்றியதை நிறைவேற்றத் தொழில்நுட்ப அறிவு இல்லை. அதற்காகவே கொழும்பின் எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பின்னர் லண்டனுக்குப் போய் மின்னெட் படித்த அதே பள்ளியில் மாணவரானார். 1957இல் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. திரும்பி வந்து, பயிற்சி பெற்ற அந்த நிறுவனத்தையே பொறுப்பேற்றார். லுனுகங்கையில் அவர் செய்தவை அந்தத் தொழிலின் முழு இலக்கணத்தையும் காட்டும். வீட்டிலிருந்து ஏரியும் தொலைவில் உள்ள விகாரையின் தாதுகோபமும் ஒரே பார்வையில் தெரிய இடையில் இருந்த குன்றின் முகட்டைச் செதுக்கித் தாழ்த்தினார். நடுவே போகும் ஊர்ச்சாலையைப் பள்ளத்தில் இறக்கி, அது கண்ணில் படாதபடி மறைத்தார். மரத்தடியில் ஒரு பெரிய சீனத்து ஜாடியை வைத்தார்; பார்வை அங்கே ஒரு கணம் தங்கி, அப்பால் நகரும்.

1959இல் டென்மார்க்கைச் சேர்ந்த உல்ரிக் பிளெஸ்னர் பாவாவோடு இணைந்தார். அவரை முதலில் இலங்கைக்கு அழைத்து வந்தவர் மின்னெட் என்பதை மறக்கக் கூடாது. பார்பரா சன்சோனி, லக்கி சேனாநாயக்க, இஸ்மத் ரஹீம் ஆகிய கலைஞர்களுடன் சேர்ந்து தீவின் பழைய வீடுகளையும் விகாரைகளையும் டச்சுக்காலக் கட்டடங்களையும் பிளெஸ்னர் அளந்து வரைந்தார். அந்த வரைபடங்கள் அலுவலகம் முழுவதற்கும் பாடப்புத்தகமாயின.

அக்காலத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் எஃகுக்கும் கண்ணாடிக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. கட்டடக்கலைஞர்கள் சோர்ந்துபோகவேண்டிய நேரம். பாவாவின் அலுவலகம் செங்கல், கருங்கல், தென்னை, பலா, சுண்ணாம்பு என்று கைக்கெட்டியவற்றின் பக்கம் திரும்பியது. அப்போது கிடைத்த தீர்வுகளில் மிக எளியது கூரையைப் பற்றியது. அரைவட்ட நாட்டு ஓடு, ஈழத்தமிழர் பீலி ஓடு என்பார்களே அது, அழகானது. வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கும். ஆனால் காகமும் காற்றும் நகர்த்திவிட்டால் ஒழுகும். அடிக்கடி பிரித்து வேய வேண்டும். நெளி ஆஸ்பெஸ்டாஸ் தகடு ஒழுகாது. ஆனால் வெயிலில் தகித்துவிடும், பார்க்கவும் சகிக்காது. பாவாவும் பிளெஸ்னரும் தகட்டைக் கீழே பரப்பி, அதன் நெளிவுகளிலேயே ஓட்டைப் படுக்கவைத்தார்கள். மழையைத் தகடு தடுத்தது, வெயிலை ஓடு தாங்கியது. கூரையின் சாய்வையும் குறைக்க முடிந்தது. அகன்று தாழ்ந்து இறங்கும் கூரைகளைக் குறைந்த செலவில் கட்ட வழி பிறந்தது. பாவாவின் கட்டடங்களை அடையாளம் காட்டும் அந்த நீண்ட தாழ்கூரை இப்படிப் பிறந்ததுதான்.

எனா டி சில்வாவின் வீடும் பின்னர் வந்தவையும்

பத்திக் கலைஞர் எனா டி சில்வாவுக்காகக் கொழும்பு ஆல்ஃபிரட் பிளேசில் 1960–62இல் கட்டிய வீடு பாவாவின் பாதையைத் திருப்பியது. நகரத்தில் மனை சிறியது. காலனிக்கால பங்களாவைப் போல நடுவே வீடும் சுற்றிலும் புல்வெளியும் வைத்தால் எதுவும் மிஞ்சாது. பாவா அதைத் தலைகீழாக்கினார். மனையின் எல்லையில் உயர்ந்த மதில், உள்ளே திரும்பிய அறைகள், நடுவில் திறந்த பெரிய முற்றம், சுற்றிலும் மரத்தூண் தாங்கும் விறாந்தை. தெருவுக்கு வெறும் சுவர்தான். காற்றும் மழையும் மரநிழலும் வீட்டுக்குள். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலோ செட்டிநாட்டு வீட்டிலோ வளர்ந்தவருக்கு இதில் புதுமை தெரியாமல் போகலாம். நவீன நகர வாழ்க்கைக்கு, திறந்த அறைகளோடும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஊடுருவும் பார்வையோடும் அதை மறுபடி அமைத்ததே சாதனை. 2009இல் இந்த மனை கைமாறியபோது வீட்டை இடிக்க விடாமல், பகுதி பகுதியாகப் பிரித்து எண்ணிட்டு, லுனுகங்கைக்குக் கொண்டுபோய் மறுபடி எழுப்பினார்கள்.

பிளெஸ்னர் 1967இல் பிரிந்தார். பிற்காலத்தில் அவர் எழுதிய நினைவுநூல், அந்த ஆண்டுகளின் கட்டடங்களில் யார் பங்கு எவ்வளவு என்ற கேள்வியை மீண்டும் எழுப்பியது. அவருக்குப் பின் பாவாவின் பங்காளியாக வந்தவர் தமிழரான பொறியாளர் கே. பூலோகசுந்தரம். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அலுவலகத்தின் நிர்வாகத்தையும் பொறியியலையும் சுமந்தவர் இவர். பாவா தளத்தில் நின்று ஒரு சுவரை நகர்த்தச் சொல்வார், மரத்தைக் காப்பாற்றக் கூரையை வளைக்கச் சொல்வார். அதைக் கணக்குப்போட்டு, காலத்திலும் செலவிலும் நிறுத்திக்காட்ட வேண்டிய பொறுப்பு பூலோகசுந்தரத்தினுடையது. பாவாவின் பெரிய வேலைகளில் பெரும்பாலானவை இந்தக் கூட்டுறவின் காலத்தில் வந்தவை என்பது தற்செயல் அல்ல.

பெந்தோட்டைக் கடற்கரை விடுதி (1967–69) இலங்கைச் சுற்றுலாவின் முகத்தை அமைத்தது. எனாவின் பத்திக் துணிகள் அதன் நுழைவுக்கூடத்தின் விதானம் முழுவதையும் நிறைத்தன. 1970இல் ஒசாகா உலகக் கண்காட்சியின் இலங்கை அரங்கு, கொழும்பின் பேரை வாவியில் மிதப்பதுபோல் அமைந்த பௌத்த மண்டபமான சீமா மாலகை, குளிர்சாதனத்தை நம்பாமல் காற்றோட்டத்தைக் கணக்கிட்டு எழுப்பிய அரச ஈட்டு வங்கியின் உயர்மாடி ஆகியவை அடுத்தடுத்து வந்தன. தமிழ்நாட்டிலும் அவர் வேலை செய்தார்: 1960களில் மதுரையில் பாய்ஸ் டவுன், 1970களில் மதுரை கிளப், சென்னையில் கன்னிமரா ஓட்டலின் மறுசீரமைப்பு.

1979இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தன புதிய நாடாளுமன்றத்தைக் கட்ட அவரை அழைத்தார். பழைய கோட்டை அரசின் தலைநகர்ப் பகுதியில் தியவன்னா ஓயாச் சதுப்பைத் தூர்வாரி ஏரியாக்கி, நடுவில் ஒரு தீவில் கட்டடம் எழுந்தது. செப்புத் தகடு வேய்ந்த பெருங்கூரையின் கீழ் மன்றம், சுற்றிலும் சிறு மண்டபங்கள். உள்ளே லக்கி சேனாநாயக்க வடித்த வெள்ளிச் சரவிளக்கு. மூன்றே ஆண்டுகளில் வேலை முடிந்து 1982 ஏப்ரலில் திறந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவராக அங்கே அமர்ந்தவர் அ. அமிர்தலிங்கம். அடுத்த ஆண்டு ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரம். தொடர்ந்து வந்த அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் கோரிய, தனிநாட்டை நிராகரிக்கும் உறுதிமொழியை ஏற்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் இருக்கைகளை இழந்தார்கள். எல்லாச் சமூகத்தின் கட்டட மரபையும் ஒரு கூரைக்குள் கொண்டுவர முயன்ற கட்டடத்தில், தமிழரின் பெரும்பாலான இருக்கைகள் காலியாகின. அந்த வேதனை இக்கட்டடத்தின் வரலாற்றில் சேர்ந்தே எழுதப்பட வேண்டியது.

மாத்தறைக்கு அருகே கடலைப் பார்த்த குன்றுகளில் ருகுணுப் பல்கலைக்கழகம் (1980–88) பரந்துகிடக்கிறது. நடைபாதைகளாலும் படிகளாலும் கோத்த ஓட்டுக்கூரைக் கட்டடங்கள் நிலத்தின் ஏற்ற இறக்கத்தோடு இறங்கிச் செல்கின்றன. மாணவர் ஒரு வகுப்பிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது காற்றையும் கடலையும் கடந்தே போகிறார்.

கண்டலம விடுதி (1991–94) பற்றிய எதிர்ப்பு கடுமையாக இருந்தது. சீகிரியாக் குன்றின் அடிவாரத்தில் கட்டலாம் என்று விடுதிக்காரர்கள் சொன்னதைப் பாவா ஏற்கவில்லை. தொலைவில் தம்புள்ளைப் பக்கத்துக் கண்டலம குளத்தருகே ஒரு பாறைச்சரிவைத் தேர்ந்தெடுத்தார். குளத்தையும் காட்டையும் காக்க பிக்குகளும் ஊராரும் போராடினார்கள். கட்டி முடித்தபின், மலையை ஒட்டி வளைந்து நீளும் கான்கிரீட் சட்டகத்தைக் கொடிகள் மூடிவிட்டன. பாறையில் இறங்கும் மழைநீரும் விலங்குகளும் கட்டடத்தின் அடியிலேயே கடந்துபோகும்படி தூண்கள்மேல் தூக்கிவைத்திருந்தார். அறை ஒவ்வொன்றும் குளத்தைப் பார்க்கிறது. சீகிரியா தொடுவானத்தில் தெரிகிறது.

1998இல் பக்கவாதம் அவர் பேச்சையும் இயக்கத்தையும் பறித்தது. 2001இல் ஆகா கான் கட்டடக்கலை விருதின் தலைவர் விருது வந்தது. எகிப்தின் ஹசன் ஃபாத்திக்கும் இராக்கின் ரிஃபாத் சாதிர்ஜிக்கும் பிறகு அதைப் பெற்ற மூன்றாமவர் பாவா. 2003 மே 27இல் மறைந்தார்.

அவருடைய அலுவலகத்தில் வளர்ந்தவர்களில் சன்ன தசவத்த, பெந்தோட்டை விடுதியைப் பிற்காலத்தில் மறுபடி கட்டியெழுப்பியவர். சி. அஞ்சலேந்திரன் தமிழர், எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமங்களை வடிவமைத்தவர். பெரிய அலுவலகம் இல்லாமல், வீட்டு விறாந்தையிலேயே மாணவர்களோடு உட்கார்ந்து வரைபவர். பாவாவின் கொழும்பு வீடும் லுனுகங்கையும் அறக்கட்டளையின் பொறுப்பில் இன்று பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கின்றன. மின்னெட்டின் கட்டடங்களுக்கு அப்படி ஓர் அறக்கட்டளை அமையவில்லை. பல இடிந்தும் உருமாறியும் போய்விட்டன; ஆய்வாளர்கள் அவற்றை அவருடைய தன் வரலாற்று நூலிலிருந்தும் பழைய புகைப்படங்களிலிருந்தும் திரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.