பல்லும் பட்டியும்

பழனிக்குப் போகும் வேன்களைத் திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர்ப் பக்கம் தை மாதம் முழுக்கப் பார்க்கலாம். கூரைமேல் கேரியரில் அண்டா, கேஸ் அடுப்பு, சுருட்டிய பாய், தண்ணீர்க் கேன். உள்ளே ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை. சாலையோரம் ஒரு வேப்பமர நிழல் அகப்பட்டால் போதும், வண்டி நின்றுவிடும். சமைத்து, சாப்பிட்டு, பெரியவர்கள் வண்டிக்குள்ளேயே காலை நீட்டிக் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்த பிறகுதான் புறப்பாடு. மேலைநாடுகளில் இதற்கென்றே ஒரு வண்டி செய்து அதற்குக் கேம்பர் வேன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் சினிமாப் படப்பிடிப்பு வழியாக ‘கேரவன்’ என்ற சொல் பழகியிருக்கிறது. பெயர் எதுவானாலும், வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் போவது திண்டுக்கல் சமவெளிக்குப் பழைய சங்கதி. அப்படிப்பட்ட வண்டியை இன்னொருவரிடமிருந்து பார்த்து வாங்கும் வித்தை அதைவிடப் பழையது.

அந்த வித்தை கூண்டு வண்டியில் தொடங்குகிறது. மூங்கிலை வளைத்துப் பாயால் வேய்ந்த கூண்டு. தரையில் வைக்கோலைப் பரப்பி மேலே ஜமக்காளம். வண்டியின் அடியில் மாட்டுக்கான தீவனம் கட்டிய சாக்கு, மை டப்பா, இரவில் ஒரு அரிக்கேன் விளக்கு. வசதி உள்ளவர்கள் வில் வைத்த வண்டி வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்குப் பகலில் எருவும் மூட்டையும் ஏற்றும் அதே வண்டியில் திருவிழா வந்தால் கூண்டு ஏறும். வழியில் தங்கச் சத்திரங்கள் இருந்தன. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளும் கட்டிய சத்திரங்களும் இன்னும் தென் தமிழ்நாட்டில் பேசப்படுகின்றன. வேடசந்தூருக்கு மேற்கே இருக்கும் ஒட்டன்சத்திரம் தன் பெயரிலேயே ஒரு சத்திரத்தை வைத்திருக்கிறது. சத்திரம் நிறைந்துவிட்டால் வண்டிதான் படுக்கை.

இந்த வழக்கம் அடியோடு அழிந்துவிடவில்லை. ராமநாதபுரம் மாவட்டம் கமுதி வட்டாரத்து மக்கள் மாசி சிவராத்திரிக்கு உசிலம்பட்டி அருகே பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்குக் கூண்டு வண்டி கட்டி, பல நாள் பயணமாக வருகிறார்கள். லாரியும் பஸ்ஸும் விரையும் சாலையில் அந்த வண்டிகள் வரிசையாகப் போவதைப் பார்க்கிறவர்களுக்கு, தாத்தா காலத்துப் பயணம் எப்படி இருந்திருக்கும் என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டியில் பாதி மரம், பாதி மாடு. இரண்டும் அநேகமாகக் கை மாறித்தான் வரும். புது வண்டி செய்யத் தச்சரும் கொல்லரும் சேர்ந்து உட்கார வேண்டும். கருவேல மரம் காய வேண்டும். இரும்புப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சிச் சக்கரத்தில் ஏற்றித் தண்ணீர் ஊற்ற வேண்டும். சூடு ஆறும்போது பட்டா சுருங்கி வட்டையையும் ஆரக்காலையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இத்தனைக்கும் காசும் பொறுமையும் இல்லாதவர் பழைய வண்டி தேடுவார். தேடி வந்தவர் முதலில் சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பார்ப்பார். குடத்துக்கும் இருசுக்கும் இடையில் ஆட்டம் இருந்தால் தேய்மானம் என்று அர்த்தம். ஆரக்காலைக் கல்லால் தட்டிச் சத்தம் கேட்பார். கோடையில் மரம் வற்றிப் பட்டா தளரும். அந்தத் தளர்ச்சியை மறைக்கச் சக்கரத்தை முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்துக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. விவரம் தெரிந்தவர் வட்டையின் அடியில் ஈரம் தெரிகிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பார். குடகனாற்று மணலில் ஏற்றி இறக்கினால் மிச்சக் குறையும் தெரிந்துவிடும்.

மாட்டுக்கு வேறு பரீட்சை. உதட்டைப் பிதுக்கிப் பல்லைப் பார்ப்பது அதில் முதல் பாடம். பல் போடாத கன்று, இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று வயதுக்கு வாயிலேயே கணக்கு இருக்கிறது. இரண்டு வயது தாண்டியதும் பால் பற்களில் நடு இரண்டு விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். ஐந்து வயதை நெருங்கும்போது எட்டும் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு பல்லின் தேய்மானத்தைப் பார்த்துத்தான் வயது சொல்ல முடியும். சுழி பார்ப்பது நம்பிக்கை. பல் பார்ப்பது கணக்கு. மணப்பாறைச் சந்தைக்கும் ஒட்டன்சத்திரம் சந்தைக்கும் போன வேடசந்தூர்க்காரர்கள் இரண்டையும் பார்த்தார்கள். 1957இல் ‘மக்களைப் பெற்ற மகராசி’ படத்துக்கு மருதகாசி எழுதிய பாட்டு மணப்பாறை மாட்டைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோவதற்கு முன்பே, இந்தப் பக்கத்து விவசாயிக்கு அந்தச் சந்தை தெரிந்த இடம்.

விலை பேசுவது துண்டுக்குள். தரகர் வாங்குபவரின் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு, விரல்களை அழுத்தி விலை சொல்வார். எத்தனை விரல், எந்த விரல் என்பது அந்த இருவருக்கு மட்டும் தெரியும். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாததால் விற்பவரின் மானமும் காப்பாற்றப்படும், வாங்குபவரின் பையில் எவ்வளவு இருக்கிறது என்பதும் வெளியே போகாது. விலை படிந்ததும் விற்றவர் கயிற்றைத் தன் கையால் எடுத்துக் கொடுப்பார். அதுதான் பத்திரம்.

மோட்டார் வண்டி இந்தப் பக்கம் வந்தபோது, அதைக் கை மாற்றி வாங்கும் பழக்கமும் கூடவே வந்தது. மோட்டாருக்கு முன்பே, 1875இல், திருச்சி–மதுரை ரயில் திண்டுக்கல்லைத் தொட்டிருந்தது. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் தொடங்கிய நிறுவனம் மதுரையை மையமாக வைத்து பஸ்களைச் சாலைக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது அதே நிறுவனம் கரி எரித்து வாயு தயாரிக்கும் கருவியைச் செய்து வண்டிகளை ஓட வைத்தது. போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட ஜீப்பும் லாரியும் ஏலத்துக்கு வந்தன. அவற்றை எடுத்து, மேல்கட்டை மாற்றி, சிவிலியன் வண்டியாக்கி ஓட்டினார்கள்.

அதன் பிறகு வந்த நாற்பது ஆண்டுக் காலத்தில் பழைய வண்டிக்கு இருந்த மதிப்பை இன்றைய இளைஞர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். எத்தனை வண்டி தயாரிக்கலாம் என்பதை அரசாங்க உரிமம் முடிவு செய்த காலம் அது. புது வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கையோடு கிடைக்கும் பழைய வண்டிக்கு அதனாலேயே கிராக்கி. கடன் கொடுக்க வங்கிகள் தயங்கிய இடத்தில் தமிழ்நாட்டு நிதி நிறுவனங்கள் நுழைந்தன. 1954இல் டி.எஸ். சந்தானம் சென்னையில் தொடங்கிய சுந்தரம் பைனான்ஸ் லாரிக்கும் பஸ்ஸுக்கும் தவணைக் கடன் கொடுத்தது. 1979இல் வந்த ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ் ஒரு படி மேலே போய், பழைய லாரி வாங்க நினைக்கும் டிரைவரையே தன் முக்கிய வாடிக்கையாளராக எடுத்துக்கொண்டது. இன்னொருவரிடம் சம்பளத்துக்கு ஓட்டியவர் பழைய வண்டி ஒன்றுக்கு முதலாளி ஆனது இந்த வழியில்தான். ஒரு சமூக மாற்றமாக இதைப் பேசியவர்கள் குறைவு. பேசியிருக்க வேண்டும்.

வேடசந்தூருக்கு இதில் ஒரு இடவசதியும் இருந்தது. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரிக்குப் போன பழைய தேசிய நெடுஞ்சாலை 7, இன்றைய 44, இந்த ஊரைத் தொட்டுத்தான் போகிறது. அதே சாலையில் வடக்கே போனால் கரூர். பஸ்ஸுக்குப் பாடி கட்டுவதில் தென்னிந்தியாவே அறிந்த ஊர். இன்னும் மேலே நாமக்கல், லாரிகளின் ஊர். சேஸை மட்டும் வாங்கி வந்து, தேவைக்குத் தக்கபடி மேல்கட்டைக் கட்டிக்கொள்வது இங்கே இயல்பான காரியம். 1948 முதல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் வேடசந்தூரில் புகையிலைச் சிப்பம் ஏற்றிய வண்டியும், பிறகு வந்த நூற்பாலைகளுக்கு ஆள் ஏற்றிய வேனும் இப்படிக் கட்டியும் கை மாறியும் வந்தவைதான்.

வேன் என்ற சாதி தனியாகப் பிறந்தது 1969இல் பஜாஜ் டெம்போ கொண்டுவந்த மாட்டடோரோடு என்று சொல்லலாம். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் 20 வேனும் அந்தக் காலத்துச் சாலைகளில் ஓடியது. 1984இல் மாருதி வேன், பின்னாளில் ஆம்னி, 796 சி.சி. இன்ஜினோடு 2019 வரை வந்தது. 1987இல் டெம்போ டிராவலர். பழனிக்கும் சபரிமலைக்கும் குடும்பத்தோடு போவதைக் கூண்டு வண்டியிடமிருந்து வாங்கிக்கொண்டவை இவைதான். பின் சீட்டைக் கழற்றிப் பலகை போட்டால் மூன்று பேர் படுக்கலாம். இதற்கு யாரும் வடிவமைப்பாளரைத் தேடிப் போகவில்லை.

ஐரோப்பாவில் இதே யோசனை வேறு பாதையில் வளர்ந்தது. 1947இல் டச்சு வியாபாரி பென் பொன் குறிப்பேட்டில் வரைந்த ஒரு கோட்டுப்படம் 1950 மார்ச்சில் போக்ஸ்வேகன் வேனாக வெளிவந்தது. அடுத்த ஆண்டே வெஸ்ட்பாலியா நிறுவனம் அதற்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தியது. 1960களிலும் 70களிலும் அந்த வேன்களில் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் கடந்து இந்தியா வந்தவர்கள் ஏராளம். 1979இல் ஈரானில் புரட்சியும் ஆண்டுக் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படையும் வந்ததோடு அந்தப் பாதை அடைபட்டது. அவ்வளவு வேன்கள் வந்தும் அவற்றில் ஒன்றிரண்டாவது இங்கே கை மாறிப் பரவாதது ஏன்? காரணம் சுங்கச் சீட்டு. ‘கார்னே’ என்ற அந்த ஆவணத்தோடு உள்ளே வரும் வண்டி திரும்ப வெளியே போயாக வேண்டும். விற்க வேண்டுமானால் தலை சுற்றும் அளவுக்கு வரி. இந்தியச் சாலைகளில் ஓடிய கேம்பர் வேன்கள் இந்தியச் சந்தைக்குள் வராமலே போயின.

ஆனால் பழைய வேன் ஒன்று வீடாகி ஊர் சுற்றிய கதை தெற்கில் உண்டு, பக்கத்து மாநிலத்தில். 1982இல் என்.டி. ராமராவ் பழைய செவ்ரலே வேன் ஒன்றை மாற்றிக் கட்டி ‘சைதன்ய ரதம்’ என்று பெயரிட்டார். மகன் ஹரிகிருஷ்ணா ஓட்ட, ஆந்திராவின் ஊர்களை எல்லாம் அதிலேயே சுற்றினார். உறக்கமும் அதில்தான், மேடையும் அதன் கூரைதான். அடுத்த ஜனவரியில் முதலமைச்சரானார். அதற்குப் பிறகு தென்னாட்டு அரசியலில் பிரசார வேன் ஒரு நிலையான பொருளாகிவிட்டது. அவற்றைக் கட்டித் தரும் பட்டறைகள் கோவையில் இருக்கின்றன.

இன்று திண்டுக்கல் சாலையில் பழைய வேன் பார்க்கப் போகிறவர், பல் பார்த்த கையின் பேரன்தான். டி.என். 57 பலகையோடு நிற்கும் வண்டியைச் சுற்றி வந்து, கதவைச் சாத்தித் திறந்து சத்தம் கேட்கிறார். பட்டி பார்த்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சட்டைப்பையில் காந்தம். தகரத்தில் ஒட்டும் காந்தம் பட்டி தடித்திருக்கும் இடத்தில் நழுவும். அடி வாங்கிய வண்டி அங்கே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தரைவிரிப்பைத் தூக்கித் துரு பார்ப்பார். படுத்துப் போக வாங்குகிறவர் கூரைத் தையலையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் மழைத்தண்ணீர் இறங்கும் வேனில் பாய் விரிக்க முடியாது. இன்ஜினை முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் காலை வருகிறேன் என்று சொல்லிப் போய்விடுவார். சக்கரத்தை ஊறவைத்துக் கொண்டுவந்த தந்திரத்தின் இன்றைய உருவம் அந்தச் சூடு. குளிர்ந்த இன்ஜினை முதல் சாவியில் எழுப்பி, ஆயில் மூடியைத் திறந்து, அதன் வாயில் புகை தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். புகைக்குழாயில் நீலம் தெரிந்தால் ஆயில் எரிகிறது, செலவு காத்திருக்கிறது.

காகிதம் என்ற ஒன்று மட்டும் தாத்தாவுக்குத் தெரியாத பாடம். சேஸில் குத்திய எண்ணும் ஆர்.சி. புத்தகத்து எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தவணை பாக்கி தீர்ந்து, ஆர்.சி.யில் ஏறிய கடன் குறிப்பான எச்.பி. கேன்சல் ஆகியிருக்க வேண்டும். வேனைக் கேம்பராக மாற்றியிருந்தால் இன்னும் கவனம் தேவை. கேம்பர் வேன் என்பது பதிவேட்டில் தனி வகை. சரக்கு வேனாகவோ பயணி வேனாகவோ பதிந்ததற்குள் கட்டிலைப் போட்டுவிட்டால் அது தானாகக் கேம்பர் ஆகிவிடாது. தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டித் தீர்ப்பளித்தது. அதனால் மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. சொந்த வேனுக்குப் பதினைந்து வருடம் முடிந்திருந்தால் மறுபதிவு வேண்டும். கார், வேனுக்கு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. விலை பேசும்போதே இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விற்கிறவருக்கும் பயம் இருக்க வேண்டும். கை மாறிக் கை மாறிப் பலரிடம் போன கார் ஒன்று விபத்தில் சிக்கியபோது, ஆர்.சி.யில் யார் பெயர் இருந்ததோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் நவீன்குமார் வழக்கில் சொன்னது. வண்டியை முன்பே விற்றுவிட்ட மனிதரின் தலையில் அந்தச் சுமை விழுந்தது. வண்டி ஒரே மாநிலத்துக்குள் கை மாறினால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 50ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கான காகிதம் படிவம் 29, படிவம் 30. இரண்டிலும் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

கையெழுத்து முடிந்ததும் விற்றவர் சாவியை எடுத்து வாங்கியவரின் கையில் வைக்கிறார். அனுபவம் உள்ளவர் அப்போதே ரெண்டாவது சாவியையும் கேட்டு வாங்கிக்கொள்வார். சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். முதல் ஓட்டம் அநேகமாகப் பழனிக்கு.