கமாண்டோப் படையும் கோவைக் கிளர்ச்சியும்



கமாண்டோ என்னும் சொல் உங்களுக்குப் புதியதன்று. ஆனால் அது ஆங்கிலேயர் ஆக்கிய சொல் அன்று. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் அவர்களை எதிர்த்த போயர் குடியானவர்களின் குதிரைப் படைகளுக்கு வழங்கிய பெயர் அது. சிறு கூட்டமாக வந்து, தாக்கி, மறைந்துவிடும் அப்படைகளிடம் பேரரசின் சேனை பெரிதும் இடர்ப்பட்டது. 1940-இல் பிரான்சு வீழ்ந்து பிரிட்டனும் வலிகுன்றி நின்றபோது, பிரதமர் சர்ச்சிலின் ஆணைப்படி திடீர்த் தாக்குதலுக்கென்றே தனிப்படைகள் எழுந்தன. பழைய பகைவரின் பெயரையே அவற்றிற்குச் சூட்டினர்.

1942 மார்ச் 28-ஆம் நாள் அதிகாலையில் அப்படையினரும் கடற்படையினரும், ஜெர்மானியர் வசமிருந்த செயின்ட் நசேர் துறைமுகத்தில் புகுந்தனர். வெடிமருந்து நிரப்பிய பழங்கப்பல் ஒன்றைக் கப்பல் செப்பனிடும் பெருந்துறையின் வாயிலில் மோதவிட்டனர். சில மணி நேரத்தில் அது வெடித்துத் துறையை அழித்தது. சென்றவர் ஏறக்குறைய 600 பேர். மாண்டவர் 169 பேர். ஐவருக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது.

வலியோரை எளியோர் எதிர்க்கும் இம்முறையை நம் கொங்கு நாடு அதற்கு 142 ஆண்டுகள் முன்னரே கைக்கொண்டது. 1799-இல் திப்பு சுல்தான் போரில் மாண்டதும் கோவைப் பகுதி கம்பெனியின் வசமாயிற்று. அதனை ஏற்காத விருப்பாச்சி கோபால நாயக்கர் முதலானோர், மைசூர்ப் பக்கம் போரிட்டுவந்த தூந்தாஜி வாக்குடன் தொடர்பு கொண்டனர். 1800 ஜூன் 3-ஆம் நாள் கோவையிலிருந்த கம்பெனிப் படையைத் திடீரெனத் தாக்கத் திட்டமிட்டனர். மறைபொருளாய் இருந்தால் மட்டுமே வெல்லக்கூடிய அத்திட்டம் வெளிப்பட்டுவிட்டது. 42 பேர் கொல்லப்பட்டனர். போராட்டம் அத்துடன் ஓயவில்லை. 1805-இல் தீரன் சின்னமலை சங்ககிரியில் தூக்கிலிடப்படும் வரை அது நீடித்தது.

இரண்டிடத்தும் துணிவு ஒன்றே.  ஆயினும் செயின்ட் நசேர் வீரருக்குப் பின்னே பயிற்சியும் கப்பலும் தந்த அரசு இருந்தது. மாண்டபின் அவர்கள் பெயரைக் கல்லில் பொறிக்கவும் அது இருந்தது. கோவையினருக்கோ அத்துணை இல்லை. அவர்களைக் கலகக்காரர் என்று எழுதிவைத்தவர் அவர்களைக் கொன்றவரே. வரலாறு பயில்வோர் பட்டத்தையும் பதக்கத்தையும் மட்டும் கண்டு முடிவு செய்தலாகாது. எழுதியவர் யார், எதன்பொருட்டு எழுதினார் என்று கேட்டபின்னரே ஒரு செயலை எடைபோடவேண்டும்.