சிறைக்குள் நடந்த வாக்குரிமைப் போர்

மான்செஸ்டர் நகரில் 1903-ஆம் ஆண்டு எம்மலின் பாங்கர்ஸ்ட் தொடங்கிய பெண்கள் சமூக அரசியல் சங்கம், பல்லாண்டுகளாக மனு எழுதியும் கூட்டம் கூட்டியும் பயன் காணாத பிரித்தானியப் பெண்களின் வாக்குரிமைக் கோரிக்கையைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. சாரா காவ்ரான் இயக்கி 2015-இல் வெளிவந்த ‘சஃப்ரஜெட்’ திரைப்படம் இவ்வரலாற்றை லண்டன் சலவைத் தொழிலாளி ஒருத்தியின் வழியாகச் சொல்வது பொருத்தமே. தலைவியரின் பெயர்கள் நிலைத்த அளவுக்குக் கூலிப் பெண்களின் இழப்புகள் நினைவில் நிற்கவில்லை.

போராட்டத்தின் கொடிய களம் சிறையே. 1909-இல் வாக்குரிமைப் போராளி மேரியன் வாலஸ் டன்லப் ஹாலோவே சிறையில் உணவை மறுத்து 91 மணி நேரத்தில் விடுதலை பெற்றபின் பிறரும் அவ்வழியைப் பின்பற்றவே, மூக்கு அல்லது வாய் வழியாக ரப்பர்க் குழாயைச் செலுத்தித் திரவ உணவை வலிந்து புகட்டும் முறையை அரசு கையாளத் தொடங்கியது. இதற்கெழுந்த கண்டனத்தைத் தணிக்க 1913-இல் இயற்றப்பட்டு, ‘பூனை–எலிச் சட்டம்’ என ஏளனமாக அழைக்கப்பட்ட சட்டம், பட்டினியால் தளர்ந்த கைதியைத் தற்காலிகமாக விடுவித்து, உடல் தேறியதும் மீண்டும் சிறையிலிட வழிசெய்தது. கருணையின் பெயரால் தண்டனையை நீட்டித்த தந்திரம் என்றே அதனைக் கொள்ள வேண்டும். 1918-இல் 30 வயது நிறைந்து, தாமோ கணவரோ சொத்துத் தகுதி பெற்றிருந்த பெண்களுக்கே பெரும்பாலும் வாக்கு கிடைத்தது. ஆண்களுக்கு நிகராக 21 வயதில் வாக்களிக்கும் உரிமை 1928-இல்தான் வந்தது.